செந்துறைப் பக்கம் நான் போட்ட கோல்ஃப் மைதானம்

கோல்ஃப் மைதானம் ஒன்றை நான் முதன்முதலாக நேரில் பார்த்தது, அதை நானே அமைத்து முடித்த பிறகுதான். (டி.வி.யிலாவது பார்த்திருக்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் கிரிக்கெட் முடிந்த நொடியே ரிமோட் அம்மா கைக்குப் போய்விடும். அப்புறம் எங்கே பார்க்க?) பந்து சின்னதாக, வெள்ளையாக இருக்கும்; ஆடுகிறவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு அவசரமில்லாமல் நடப்பார்கள். இந்த இரண்டு தகவல்களை மட்டும் நம்பி ஆறு ஏக்கரில் இறங்கினேன். கடைசியில் ஒரு கிராமமே திரண்டு வந்து எங்களைச் சிறைபிடித்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் ஊர்ப்பற்று. பெரம்பலூர் என்றதும் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: “ஓ, திருச்சி போற வழியில பஸ்ஸு டீ குடிக்க நிக்குமே, அதானே?” இதைக் கேட்டுக் கேட்டு எனக்குள் ஒரு வெறி வளர்ந்திருந்தது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. அப்பாவின் உரக்கடையில் உட்கார்ந்திருந்தேன். யாராவது “உங்க ஊர்ல அது இருக்கா?” என்று கேட்டால், அது என்னவென்று புரிவதற்கு முன்பே என் வாய் “இருக்கு” என்று சொல்லிவிடும்.

என் அக்கா மலர்விழி கோயம்புத்தூரில் வேலை பார்த்தாள். கூட வேலை செய்த பிரவீனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவருக்கும் அப்படியே. எங்கள் வீட்டில் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். பிரவீனின் அம்மாவும் சம்மதம். ஆனால் அவருடைய அப்பா சண்முகசுந்தரம் மட்டும் பிடி கொடுக்கவில்லை. மில்லில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்றவர். “அத்தனை தூரத்துல, அந்தக் காஞ்ச சீமைல போயி எதுக்குச் சம்பந்தம்?” என்பது அவர் கட்சி. பெண் வீட்டைப் பார்க்க வாருங்கள் என்றால், “பார்த்துட்டு வேண்டாம்னா அவிய மனசு சங்கடப்படும்” என்று நழுவிக்கொண்டே இருந்தார்.

அதனால் பிரவீன் ஒரு யோசனை செய்தார். பெண் வீடு பார்க்க என்று சொல்லாமல், சுற்றுலா என்று சொல்லி அப்பாவை மூன்று நாள் கூட்டிக்கொண்டு வருவது. போகிற போக்கில் எங்கள் வீட்டையும் எட்டிப் பார்ப்பது. சுற்றுலா ஏற்பாடு என் பொறுப்பு. விவரம் கேட்க அவர் அப்பாவே எனக்குப் போன் செய்தார்.

“ஏனுங் தம்பி, பெரம்பலூர்ல மூணு நாளைக்குப் பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?”

என் ரத்தம் கொதித்தது. “என்ன மாமா இப்புடிக் கேட்டுட்டீங்க?” என்றேன். (எதுவும் முடிவாகாத நிலையில் ‘சார்’ என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ரோஷத்தில் ‘மாமா’ வந்துவிட்டது.) “ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கு, சாத்தனூர் கல்மரம் இருக்கு, கங்கைகொண்ட சோழபுரம் இருக்கு, கரைவெட்டியில பறவைங்க இருக்கு...”

“அதெல்லாம் சரீங்க. எனக்குக் காலைல ஒரு ரவுண்டு கோல்ஃப் ஆடலீன்னா அன்னிக்குப் பொழுதே ஓடாதுங்க. அங்கெல்லாம் கோல்ஃப் கோர்ஸ் இருக்காதுங்களே?”

‘இருக்குங்களா’ என்று கேட்டிருந்தால்கூட யோசித்திருப்பேன். ‘இருக்காதுங்களே’ என்றார்.

“இருக்கு மாமா.”

“இருக்குதுங்களா!” என்று அவர் குரல் குழந்தை மாதிரி துள்ளியது. “எங்கீங்க?”

“செந்துறைப் பக்கம். புதுசு.”

அது ஒன்றுதான் பொய்யில்லை. அதைவிடப் புதிதாக ஒரு மைதானம் இருக்கவே முடியாது.

மறுநாள் மலர் போன் செய்தாள். “டேய் கதிரு, என்னடா சொல்லி வச்ச? பிரவீன் அப்பா வூட்டுல பேசவே மாட்டாரு. நேத்து சாப்புடுறப்ப ‘செந்துறைக் கோர்ஸ், செந்துறைக் கோர்ஸ்’னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாராம். செந்துறைல ஏதுடா கோல்ஃப்?”

“இன்னும் பன்னெண்டு நாள் இருக்குல்லக்கா?”

“அதுக்கு?”

“போட்டுருவோம்.”

அவள் கத்தாமல், நிதானமாகச் சொன்னாள். “கதிரு, நல்லாக் கேட்டுக்க. அவரு ஒருத்தரு சரின்னா எல்லாம் சரி. அவரு வேண்டாம்னுட்டா பிரவீன் எதுத்துப் பேச மாட்டாரு, எனக்கும் எதுத்துக் கட்டிக்க மனசு வராது. இத நீ கெடுத்தேன்னா என் கல்யாணத்தக் கெடுத்தேன்னு அர்த்தம்.”

இதைக் கேட்டு ஒரு நல்ல தம்பி பயந்து, உண்மையை ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டிருப்பான். எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது. அக்காவின் வாழ்க்கையே என் கையில்! அன்று மாலையே ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து நிகழ்ச்சி நிரல் தயார் செய்தேன். சிறுவாச்சூர் கோவில் வெள்ளியும் திங்களும்தான் திறந்திருக்கும் என்பதால் வெள்ளிக்கிழமை வருகை. அன்றைக்கே கோவில், கோட்டை, கல்மரம். சனிக்கிழமை காலை கோல்ஃப், மாலை கங்கைகொண்ட சோழபுரம். ஞாயிறு பறவைகள். ஓரத்தில் மயில் படம் போட்டுக் கலரில் எடுத்து லேமினேட் செய்தேன். மைதானம் இன்னும் இல்லை, ஆனால் அது லேமினேட் ஆகிவிட்டது.

இடத்துக்குக் கவலையில்லை. செந்துறைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் சித்தப்பாவுக்கு ஆறு ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது. (ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு இன்னும் போக்குவரத்து இருக்கிறது.) அந்த வருடம் மழை ஏமாற்றியதால் விதைக்காமல் தரிசாகக் கிடந்தது. ஆள்தான் வேண்டும், கோல்ஃப் தெரிந்த ஆள். பெரம்பலூர் மாவட்டத்தில் கோல்ஃப் தெரிந்த ஆளுக்கு எங்கே போவது என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு லப்பைக்குடிக்காட்டைத் தெரியாது. உலகத்தில் நடக்கும் எந்த வேலையையும் வளைகுடாவில் செய்துவிட்டு வந்த ஒருவர் அங்கே இருப்பார்.

உசேன் பாய் அங்கே பேரீச்சம்பழமும் அத்தரும் விற்கும் கடை வைத்திருந்தார். ‘கோல்ஃப்’ என்றதும் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

“பன்னெண்டு வருசம் அதுலதான் தம்பி கெடந்தேன்!”

“நல்லா ஆடுவீங்களா பாய்?”

“ஆடுறதா? அஸ்தஃபிருல்லா! மட்டையத் தொட்டா வேலைய விட்டுத் தூக்கிருவான். நான் புல்லு வெட்டுனேன். மூணு மில்லிமீட்டர். நாலு ஆச்சுன்னா சூப்பர்வைசர் கத்துவான்.” கண்கள் மின்னின. “அதெல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். நம்ம ஊர்லயே போடப்போறமா? கடைய மச்சான் பாத்துக்குவாரு, வாங்க.”

நிலத்தைப் பார்த்ததும் பாய் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்தார். மண், சரளைக்கல், நடுநடுவே காய்ந்த கோரை. மூன்று மில்லிமீட்டர் புல்லுக்கு அங்கே மூன்று மில்லிமீட்டர் வாய்ப்புகூட இல்லை.

“பரவால்ல தம்பி. அங்க பழைய காலத்துல மணல்லயே ஆடுவாங்க. அடிக்கிற எடத்துல மட்டும் ஒரு பச்சை விரிப்பு. குழிய சுத்தி மட்டும் வழவழன்னு ஒரு தரை வேணும். பந்து உருளணும்ல? அதுக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல.”

வழவழப்பான தரையா? என் மூளையில் விளக்கு எரிந்தது. நெல்லும் கம்பும் அடிக்கிற களத்துக்கு நம் ஜனங்கள் என்ன செய்வார்கள்? மேடு பள்ளம் தட்டி, சாணம் கரைத்து மெழுகுவார்கள். காய்ந்தால் ஒரு தானியம் மண்ணில் ஒட்டாது. “பாய், மூணு மில்லிமீட்டர் புல்லெல்லாம் என்ன பாய், நாங்க மெழுகுற தரையப் பாருங்க” என்றேன். பாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஒரு வாரம் என் வாழ்க்கையிலேயே நான் அதிகம் உழைத்த வாரம். ஐந்து குழிகள். ஒவ்வொன்றும் நாலேகால் அங்குலம் என்று பாய் டேப் வைத்து அளந்தார், நாலங்குல பி.வி.சி. பைப்பை வெட்டி உள்ளே இறக்கினோம். தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதற்காகக் குழிக்குக் குழி ஒரு கம்பு, அதில் சிவப்புத் துணிக்கொடி, கொடியில் வெள்ளைப் பெயின்டில் எண். பந்து போக வேண்டிய பாதைக்கு இரண்டு பக்கமும் கபடிக்குப் போடுவது போலச் சுண்ணாம்புத் தூளில் கோடு. அடிக்கிற இடங்களுக்குப் பச்சை நிறப் பிளாஸ்டிக் மிதியடி. ஐந்து வட்டங்களையும் மெழுக, ஊர் மகளிர் குழுத் தலைவி ராசாத்தி அக்கா இரண்டு பெண்களோடு வந்தார்.

ராசாத்தி அக்கா மெழுகிக்கொண்டே கேட்டார். “ஏன் தம்பி, கொடி நடுறீங்க, கோடு போடுறீங்க, அந்த பாய் டேப்ப வச்சு அளந்துகிட்டே திரியிறாரு. எதுக்குங்க இதெல்லாம்?”

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சம்பந்தம் உறுதியாகிற வரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: “ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. கண்ணு பட்டுரும்.” சித்தப்பாவிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். உளறுவாயன் என்று பெயரெடுத்த நான், அந்த ஒரு முறை மட்டும் வாயைக் கட்டிக் காட்டுவது என்று முடிவு செய்திருந்தேன்.

“அது இப்ப சொல்லக் கூடாதுங்கக்கா. சனிக்கெழம ஒங்களுக்கே தெரியும்.”

“யாராச்சும் வெளியூர்லேர்ந்து வர்றாங்களா?”

“சொல்லக் கூடாதுங்க.”

“ஒங்க சித்தப்பாகிட்டக் கேட்டா, எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு கதவச் சாத்திக்கிறாரு?”

“அவரும் சொல்லக் கூடாதுங்க.”

ராசாத்தி அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. ரகசியத்தை எவ்வளவு அழகாகக் காப்பாற்றிவிட்டேன் என்று பைக்கில் வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

செந்துறை இருக்கிற அரியலூர்ச் சீமையில் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். எந்த ஊரில் அந்நியர்கள் வந்து டேப் பிடித்து, சிவப்புக் கொடி நட்டு, எண் போட்டு, சுண்ணாம்புக் கோடு இழுத்தாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நிலம் போகப்போகிறது, சுரங்கம் வரப்போகிறது. இது அங்கே பிறந்த ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். உரக்கடையில் தினமும் விவசாயிகளோடு பேசிக்கொண்டிருந்த எனக்கும் தெரியும். ஆனால் அந்த வாரம் என் மண்டைக்குள் கோல்ஃப் போக வேறு எதற்கும் இடம் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பாவும் பிள்ளையும் வந்து இறங்கினார்கள். அவர் மனைவிக்கு முழங்கால் வலி, வரவில்லை. சண்முகசுந்தரம் மாமாவின் காரிலிருந்து ஓராள் உயரத்துக்கு ஒரு பை இறங்கியது. கோட்டை மேல் நின்று சுற்றிலும் கை காட்டி வரலாறு சொன்னேன். “நல்லா இருக்குதுங்க. கோர்ஸ் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?” என்றார். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கல்லாகிப்போன மரத்தைக் காட்டினேன். அதையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு, “கோர்ஸ் பக்கம் காத்து எப்படீங்க தம்பி?” என்றார். அன்று இரவு மனிதர் தூங்கியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். நானும் தூங்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மைதானத்தில் இருந்தோம். உசேன் பாய் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்று, “வெல்கம் சார்” என்று சல்யூட் அடித்தார். மாமா வெள்ளைத் தொப்பி, வெள்ளை ஷூ, இடது கையில் மட்டும் ஒரு உறை. காரை விட்டு இறங்கி, தரிசைப் பார்த்தார். மிதியடிகளைப் பார்த்தார். தொலைவில் அசையும் சிவப்புக் கொடிகளைப் பார்த்தார்.

“தம்பி, கோர்ஸ் எங்கீங்க?”

“இதுதான் மாமா.”

பிரவீன் வானத்தைப் பார்த்தார். மாமா முதல் வட்டத்துக்கு நடந்துபோய்க் குந்தி, தரையைத் தடவினார். “இது என்னங்க, பசுஞ்சாணமுங்களா?” பந்தை எடுத்து மெல்ல உருட்டினார். அது கோடு போட்ட மாதிரி ஓடிக் குழிக்குள் ‘டொக்’ என்று விழுந்தது. “அட!” என்றார். இன்னொரு முறை உருட்டினார். “அட, அட! இதை நம்ம கிளப்புல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்.” உசேன் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மனதுக்குள் சட்டையைக் கழற்றிச் சுற்றினேன்.

அதோடு நாங்கள் கிளம்பியிருந்தால் நான் இந்தக் கட்டுரை எழுத வேண்டியிருக்காது. மாமா பையிலிருந்து பைனாகுலர் மாதிரி ஒரு கருவியை எடுத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் கொடியைப் பார்த்தார். “நூத்தி முப்பத்தெட்டு!” என்று சத்தமாகச் சொன்னார். பிரவீன் அதை ஒரு அட்டையில் எழுதினார். கோல்ஃபில் தூரம் பார்க்கிற கருவியாம் அது. அது எனக்கே அப்போதுதான் தெரியும். வரப்புக்கு அந்தப் பக்கம் முள்வேலிக்குப் பின்னால் ஒளிந்து குந்தியிருந்த ஊர்க்காரர்களுக்கு எப்படித் தெரியும்?

“அளக்குறாய்ங்கடா!” என்று ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

அடுத்து நடந்தது எல்லாம் பத்து நிமிடம். இருநூறு பேராவது இருப்பார்கள். ஒரு டிராக்டர் வந்து எங்கள் காருக்குப் பின்னால் குறுக்காக நின்றது. பெண்கள் மூன்றாம் கொடியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மாரியம்மன் கோவில் மைக்செட் ஒரு ஆட்டோவில் வந்தது. ராசாத்தி அக்கா மைக்கைப் பிடித்தார். “கோயம்புத்தூர்க் கம்பெனிக்காரன் வந்துட்டான்! அஞ்சு எடத்துல பைப்பு எறக்கியாச்சு! பூமி பூஜைக்கு என் கையாலயே மெழுக வச்சுட்டாய்ங்க, பாவிங்க!”

“இல்லீங்க, இது கம்பெனி இல்லீங்க,” என்று நான் ஓடினேன். “இது வெளையாட்டுங்க. கோல்ஃபுன்னு ஒரு வெளையாட்டு.”

“ஆறு ஏக்கர்ல ஒருத்தரு வெளையாடுறாரா? யாரு காதுல பூ சுத்துற?” ராசாத்தி அக்கா மாமாவை மேலும் கீழும் பார்த்தார். “வெளையாட்டுன்னா ஆடிக் காட்டச் சொல்லு.”

“ஆமா, ஆடிக் காட்டு!” என்றது கூட்டம்.

மாமா என்னைப் பார்த்தார். இருமினால்கூட முறைக்கிற இடத்தில் ஆடிப் பழகிய மனிதர். மிதியடி மேல் ஏறி நின்று, மட்டையை ஓங்கி, வீசினார். பந்து வைத்த இடத்திலேயே இருந்தது.

“பாத்தியா! பந்த அடிக்கவே தெரியல. அளக்க வந்தவன்தான்!”

“அது ஒத்திகைங்க,” என்று மாமா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மிதியடி வழுக்குகிறது என்று அதைக் காலால் தள்ளிவிட்டு, பந்தை மண்ணிலேயே வைத்து மறுபடி வீசினார். பந்துக்கு ஒரு சாண் முன்னால் மட்டை இறங்கியது. கைப்பிடி மண் பெயர்ந்து பறந்தது.

“மண்ணு எடுக்குறான்! டெஸ்டுக்கு மண்ணு எடுக்குறான்!”

ஒருவர் பாய்ந்து அந்த மண்ணைத் துண்டில் முடிந்துகொண்டார். (கலெக்டரிடம் காட்டச் சாட்சியாம்.) எனக்கு அழுகை வந்தது. மலரின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. கெடுத்துவிட்டேன், நிஜமாகவே கெடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

மாமா தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். மூன்றாவது முறை வீசியபோது வேறு ஒரு சத்தம் கேட்டது. சுத்தமாக, ஒற்றைச் சத்தம். பந்து எழும்பி, கூட்டத்தின் தலைக்கு மேல் போய், சூரிய வெளிச்சத்தில் காணாமல் போனது. இருநூறு கழுத்துகளும் அண்ணாந்தன. நாலாம் வட்டத்தில் அது ‘தொப்’பென்று விழுந்து, சாணத் தரையில் உருண்டு உருண்டு, கொடிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

முதலில் ஒரு விசில். அப்புறம் வானம் இடிந்த மாதிரி கைதட்டல். “யப்பா! இன்னொண்ணு போடுங்கய்யா!” என்று, சாட்சி மண்ணை முடிந்து வைத்திருந்தவரே கத்தினார். மாமா மட்டையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். முகம் சிவந்து, உதடு துடித்தது.

ராசாத்தி அக்கா மட்டும் அசையவில்லை. மைக்கை என் கையில் திணித்தார். “ஆட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தரு வெளையாடுறதுக்கு எவனாச்சும் ஒரு வாரம் பாடுபட்டு, ஊருக்கே தெரியாம ரகசியம் காப்பானா? உண்மையச் சொல்லு.”

வேறு வழியில்லை. சொன்னேன். மைக் திறந்திருக்கிறது என்பது நினைவில் இல்லை. “இவரு என் அக்கா மலரோட மாப்பிள்ளைக்கு அப்பாங்க! இவரு சரின்னாத்தான் கல்யாணங்க! இவருக்கு கோல்ஃபு புடிக்கும்னு, இங்க மைதானம் இருக்குன்னு பொய் சொல்லி வரவச்சேங்க! இன்னும் எதுவும் முடிவாகல, வெளிய சொன்னா கண்ணு பட்டுரும்னு அப்பா சொன்னாருங்க!”

அரைக் கிலோமீட்டர் தூரத்தில், எங்களுக்கு இட்லி எடுத்துக்கொண்டு காரில் வந்துகொண்டிருந்த அப்பாவும், லீவு போட்டு ஊருக்கு வந்திருந்த மலரும் இதை ஒரு எழுத்துக்கூட விடாமல் கேட்டார்கள். வண்டி வந்து நின்றது. இறங்கிய அப்பாவின் முகத்தை வர்ணிக்க எனக்குத் தெம்பில்லை. மலர் என்னை ஒரே ஒரு பார்வை பார்த்தாள்.

ராசாத்தி அக்கா அவளை நெருங்கிப் போய் நன்றாகப் பார்த்தார். பிரவீனையும் பார்த்தார். “சரி. சம்பந்தம்னு சொல்றீங்க. நம்புறோம். அப்ப தட்ட மாத்துங்க.”

“என்னாது?” என்றார் அப்பா.

“நிச்சயத் தட்டு. இங்கயே, எங்க கண்ணு முன்னால மாத்துங்க. மாத்துனீங்கன்னா கலைஞ்சு போயிர்றோம். மாத்தலன்னா இது கம்பெனி வேலதான்.”

“நாளு பாக்கணும்மா, சொந்தபந்தம் வரணும்...”

ஒருவர் அதற்குள் செல்போனில் காலண்டரைத் திறந்துவிட்டார். “வளர்பெறைதான். ஒம்போது மணிக்குத்தான் ராகுகாலம் ஆரம்பம். இன்னும் அம்பது நிமிசம் கெடக்கு.”

எல்லோரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு வருடமாகப் பிடி கொடுக்காத மனிதர். நான் பொய் சொன்னது தெரிந்துவிட்டது. கூட்டம் நடுவில் மானம் போயிருக்கிறது. கார் எடுக்க வழியில்லை. அவர் மெதுவாக இடது கை உறையைக் கழற்றினார்.

“இருபது வருசமா ஆடறனுங்க,” என்றார். “நல்ல நல்ல அடியெல்லாம் அடிச்சிருக்கறனுங்க. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரு எனக்குக் கை தட்டுனதில்லீங்க. இந்தா, என்ற பையன்கூடத் தட்டுனதில்ல.” பிரவீன் தலையைக் குனிந்தார். மாமா மலரிடம் திரும்பினார். “அம்மணி, உனக்குச் சம்மதமா?”

“சம்மதந்தாங்க மாமா,” என்றாள் மலர். கண்ணில் நீர். “ஆனா இவனுக்கு இன்னைக்கு வூட்டுல சோறு கெடையாது.”

“தட்டு எங்கீங்க?” என்றார் மாமா.

தட்டு ராசாத்தி அக்கா வீட்டிலிருந்து வந்தது. வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் பெட்டிக்கடையிலிருந்து. இடம் தேட வேண்டியிருக்கவில்லை. நாலாம் வட்டம் மெழுகித் தயாராக இருந்தது. கொடியைப் பிடுங்கிவிட்டு, கோடு போட நான் வைத்திருந்த சுண்ணாம்புத் தூளிலேயே பெண்கள் பெரிய கோலம் போட்டார்கள். மாமா போனில் மனைவியிடம் விஷயத்தைச் சொல்ல, அவர், “நீங்க மனசு மாறறதுக்குள்ள மாத்துங்க!” என்று கத்தியது எங்களுக்கே கேட்டது. எட்டே முக்காலுக்கு என் அக்காவின் நிச்சயம் இருநூறு பேர் குலவையோடு முடிந்தது. அப்பா வியர்த்துப்போய், இட்லிக் கேரியரை விடாமல் பிடித்தபடியே தட்டு மாற்றினார். அதன் பிறகு மாமா மீதிக் குழிகளையும் ஆடினார். ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் கூடவே நடந்தது. அன்று மாலை கங்கைகொண்ட சோழபுரத்தில் அவர் விமானத்தை அண்ணாந்து பார்த்து, “அடேயப்பா!” என்றார். அந்த மூன்று நாளில் அவர் கோல்ஃபைப் பற்றிப் பேசாத ஒரே கால் மணி நேரம் அதுதான்.

சொந்தக்காரர்கள் சும்மா விடவில்லை. “எங்களுக்குச் சொல்லாம, யாரோ ஊர்க்காரங்கள வச்சு நிச்சயமா?” என்று பெரியப்பா, அக்காவின் கல்யாணத்தன்று முதல் பந்தியில் உட்கார மறுத்து, கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார். மாமா இப்போதும் வருடா வருடம் மாசியில் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். உசேன் பாய் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வருகிறார்.

போன வருடம் அந்த ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் போடுவதற்காக, நிஜமாகவே நிலம் அளக்க ஒரு இளம் என்ஜினியர் தன் ஆட்களோடு வந்தார். இரண்டு கொடி நடுவதற்குள் ராசாத்தி அக்கா பெண்களோடு போய்ச் சூழ்ந்துகொண்டார். இந்த முறை யாரும் தரையில் உட்காரவில்லை, மைக்செட்டும் வரவில்லை. “தம்பி, பொண்ணு எந்த ஊரு?” என்று கேட்டார்களாம். அவர் விழித்திருக்கிறார். “வெக்கப்படாதீங்க. எங்ககிட்ட மறைக்க முடியாது. தட்டு கொண்டாந்துருக்கீங்களா, இல்ல நாங்க கொண்டாரணுமா?” அந்தப் பையன் பத்தடி தள்ளிப்போய் ஆபீசுக்குப் போன் போட்டு, “சார், இங்க ஊர்க்காரங்க எனக்குக் கல்யாணம் பண்ணி வக்காம அளக்க விட மாட்டாங்க போலருக்கு சார்” என்றானாம்.